மாணவர்களும் சமூக வலைதளங்களும்: கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டிற்குச் சில செய்திகள்

சென்ற பொங்கலுக்கு ஊருக்குச் சென்றிருந்தபோது எதிர் வீட்டு மாமா என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, நீ சாப்ட்வேர்லதானே இருக்க. பையன் படிக்கணும்னு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தேன். நெட்டும் போட்டாச்சு. இப்ப அவன் படிக்கிறானா, வேற எதையும் பாக்கிறானான்னு எனக்குத் தெரியல. இதெல்லாம் பிள்ளைங்கள நெசமாவே கெடுக்குமா, இல்ல சும்மா பயமுறுத்துறாங்களா?"

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலருடைய வீட்டில் இந்தக் கேள்வி இருக்கிறது. இதற்கு "கெடுக்கும்" என்றோ "கெடுக்காது" என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தத் தளங்கள் எப்படி வேலை செய்கின்றன, ஆய்வுகள் என்ன சொல்கின்றன, நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் என்னென்ன செட்டிங்ஸ் மாற்றலாம் என்பதைத் தெரிந்து கொண்டால் நம் வீட்டுக்கான பதிலை நாமே கண்டுபிடிக்கலாம். அதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் என் கதை

அறிவுரை சொல்வதற்கு முன்னால் என் யோக்கியதையையும் சொல்லி விடுகிறேன். நான் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படித்துக் கொண்டிருந்த 2016 செப்டம்பரில், 4ஜி டேட்டா இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. அதுவரை ஒரு ஜிபி டேட்டாவை ஒரு மாதத்திற்கு வைத்து ஓட்டிய எங்கள் ஹாஸ்டலில், அதன் பிறகு இரவு இரண்டு மணிக்கும் எல்லா அறைகளிலும் வெளிச்சம் தெரிந்தது. போர்வைக்குள் மொபைல் போன் வெளிச்சம்தான்.

"பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் படிக்கலாம்" என்று எடுப்பேன். நிமிர்ந்து பார்த்தால் ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். அந்த செமஸ்டரில் எம்-3 உட்பட இரண்டு பேப்பர்களில் அரியர் விழுந்தது. அதைவிட மோசமானது வேறொன்று. பள்ளியில் உடன் படித்தவர்கள் போடும் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து, நான் மட்டும்தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் வந்துவிட்டது. வீட்டிலிருந்து அம்மா போன் செய்தால்கூட எடுக்காமல் விட்டிருக்கிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

அரியரை அடுத்த முறை எழுதி கிளியர் செய்து விட்டேன். ஆனால் "எனக்கு மனக் கட்டுப்பாடு இல்லை" என்றே பல நாள் நினைத்துக் கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து, இதே மாதிரி புரோகிராம்களை நானே எழுதத் தொடங்கிய பிறகுதான், அது பாதி உண்மை மட்டுமே என்று தெரிந்தது.

ஏன் நிறுத்த முடிவதில்லை?

சமூக வலைதளங்கள் நம்மிடம் பணம் வாங்குவதில்லை. விளம்பரம் தருபவர்களிடம் வாங்குகின்றன. நாம் எவ்வளவு நேரம் தளத்தில் இருக்கிறோமோ, அவ்வளவு விளம்பரங்களைக் காட்டலாம். எனவே நம்மை எழுந்து போகவிடாமல் வைத்திருப்பதே அந்த புரோகிராமின் வேலை. இதற்கு அவர்கள் பயன்படுத்தும் வழிகளைப் பார்ப்போம்.

1. முடிவே இல்லாத பக்கம்: புத்தகத்தில் பக்கம் முடியும். செய்தித்தாளில் கடைசிப் பக்கம் வரும். அந்த இடத்தில் "போதும்" என்று நமக்குத் தோன்றும். முன்பெல்லாம் இணைய தளங்களிலும் கீழே "அடுத்த பக்கம்" என்று ஒரு பட்டன் இருக்கும். 2006ஆம் ஆண்டு ஆசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே இழுக்க இழுக்கத் தானாகவே புதிய செய்திகள் வந்து கொண்டிருக்கும் முறையை உருவாக்கினார். இன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம் என எல்லாத் தளங்களிலும் இந்த முறைதான் இருக்கிறது. நேரத்தை வீணாக்கும் ஒன்றை உருவாக்கி விட்டேனே என்று அவரே பின்னாளில் வருத்தம் தெரிவித்திருக்கிறார்.

2. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு: பி.எப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் எலிகளையும் புறாக்களையும் வைத்துப் பல சோதனைகள் செய்தார். விசையை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் உணவு வந்தால், பசித்தபோது மட்டும் அழுத்தும். சில முறை வரும், சில முறை வராது என்று வைத்தால், விடாமல் அழுத்திக் கொண்டே இருக்கும். நாம் திரையைக் கீழே இழுத்து "ரிப்ரெஷ்" செய்வதும் இதே கதைதான். பத்து முறை இழுத்தால் ஒன்பது முறை சுவாரசியம் இருக்காது. பத்தாவது முறை ஏதாவது இருக்கும். அந்தப் பத்தாவதுக்காகத்தான் விரல் ஓடுகிறது.

3. லைக் எண்ணிக்கை: பேஸ்புக் தளத்தில் 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் லைக் பட்டன் வந்தது. அதற்கு முன்னால் ஒருவருடைய போட்டோ நன்றாக இருந்தால் இரண்டு வார்த்தை எழுதுவோம். லைக் வந்த பின், ஒருவரை எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்பது ஒரு எண்ணாக மாறிவிட்டது. மார்க் பட்டியல் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு, எண் என்றால் உடனே ஒப்பிடத் தோன்றும். "அவளுக்கு 200, எனக்கு 14" என்பது அவர்களுக்கு இன்னொரு ரேங்க் கார்டு.

4. நமக்கென்றே தேர்ந்தெடுத்த வரிசை: நாம் எந்த வீடியோவில் எத்தனை நொடி நின்றோம், எதைத் தள்ளிவிட்டோம் என்பதெல்லாம் பதிவாகிறது. அதை வைத்து, அடுத்து எதைக் காட்டினால் நாம் அதிக நேரம் இருப்போம் என்று புரோகிராம் கணக்குப் போடுகிறது. அது நமக்கு நல்லதா கெட்டதா என்பது அந்தக் கணக்கின் முக்கிய நோக்கம் அல்ல. எடை குறைப்பது பற்றி ஒரு பெண் இரண்டு வீடியோக்கள் பார்த்தால், அடுத்தடுத்து அதே வகை வீடியோக்கள் வந்து குவிவது இதனால்தான்.

5. நோட்டிபிகேஷன்: நாம் தளத்தை மூடிவிட்டாலும் நம்மைத் திரும்ப அழைக்கும் மணி இது. இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நான் எழுதிய ஒரு வரி

நான் முன்பு வேலை பார்த்த நிறுவனம், மாணவர்களுக்கான ஒரு பாடப் பயிற்சி அப்ளிகேஷனை நடத்தி வந்தது. இரண்டு நாள் திறக்காத மாணவர்களை மீண்டும் வரவழைக்க நோட்டிபிகேஷன் அனுப்பும் பகுதி என் பொறுப்பு. இதில் ஏ/பி டெஸ்ட் என்று ஒன்று செய்வோம். பாதிப் பேருக்கு ஒரு வாசகத்தை அனுப்புவோம், மீதிப் பேருக்கு இன்னொன்றை அனுப்புவோம். எதை அதிகம் பேர் கிளிக் செய்கிறார்களோ, அதையே எல்லோருக்கும் வைத்து விடுவோம். நேரத்தையும் இப்படியே சோதித்தோம். இரவு 10.45 மணிக்கு அனுப்பினால்தான் மிக அதிகமானோர் திறந்தார்கள். "உன் நண்பர்கள் உன்னை முந்திவிட்டார்கள்" என்ற வாசகம் வென்றது. அதை எழுதியவன் நான்தான். அன்று டீமில் எல்லோருக்கும் பிரியாணி.

அந்த மாணவர் அந்த நேரத்தில் என்ன செய்து கொண்டிருப்பார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். சித்தி மகள் அப்போது பிளஸ் டூ. பத்தரை மணிக்குப் புத்தகத்தை மூடிவைத்துப் படுத்தாள். சரியாக 10.45க்கு அவளுடைய போன் ஒலித்தது. எழுந்து உட்கார்ந்து எடுத்துப் பார்த்தாள். என் வரி. "அண்ணா, பாருங்க, எல்லாரும் முந்திட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு டெஸ்ட் எழுதினாள். அது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் போன் கையில் வந்துவிட்டதே! அங்கிருந்து ரீல்ஸுக்குப் போனாள். அவள் போனைக் கீழே வைத்தபோது மணி பன்னிரண்டரை. காலையில் ஐந்து மணிக்கு சித்தி எழுப்பினாள். எழுந்திருக்க முடியாமல் அவள் அழுததையும், "ராத்திரி பூரா போன், காலையில தூக்கம்" என்று சித்தி திட்டியதையும் நான் காபி குடித்துக் கொண்டே கேட்டுக் கொண்டிருந்தேன். எனக்குக் காபி இறங்கவில்லை.

அலுவலகம் திரும்பியதும் இரவு நேர நோட்டிபிகேஷனை நிறுத்தலாம் என்று சொன்னேன். எண்ணிக்கை குறையும் என்றார்கள். பல கூட்டங்களுக்குப் பிறகு, பள்ளி மாணவர்களுக்கு மட்டும் இரவு 9 மணியோடு நிறுத்த ஒப்புக் கொண்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு நான் அங்கிருந்து வெளியேறும் வரை போய்க் கொண்டுதான் இருந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பிள்ளை போனைக் கீழே வைக்க முடியாமல் இருந்தால் அது அவனுடைய சோம்பேறித்தனம் மட்டுமல்ல. மறுபக்கத்தில் என்னைப் போல ஒரு டீம் உட்கார்ந்து அவனை இழுத்துக் கொண்டிருக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இங்கே கவனமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் "மூளையே உருகிவிடும்" வகைச் செய்திகளை நம்ப வேண்டாம். நல்ல ஆய்வுகள் சொல்வது இவைதான்.

பேஸ்புக் 2004ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பின்னர் ஒவ்வொரு கல்லூரியாகத் திறந்துவிடப்பட்டது. எனவே ஒரே காலத்தில் பேஸ்புக் வந்துவிட்ட கல்லூரிகளும் வராத கல்லூரிகளும் இருந்தன. இதைப் பயன்படுத்தி பொருளாதார அறிஞர்கள் மூவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2022ஆம் ஆண்டு அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியானது. பேஸ்புக் வந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனநலம் குறைந்திருந்தது. மனச்சோர்வால் படிப்பு பாதிக்கப்பட்டது என்று சொன்னவர்களும் அதிகம். மற்றவர்களோடு தம்மை ஒப்பிட்டுப் பார்ப்பதே இதற்கு முக்கிய காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2019ஆம் ஆண்டு நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்த ஓர் ஆய்வு, மூன்றரை லட்சத்திற்கும் அதிகமான வளர் இளம் பருவத்தினரின் தகவல்களை அலசியது. அவர்களுடைய மனநலத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில், டிஜிட்டல் சாதனப் பயன்பாட்டால் விளக்கக் கூடியது அதிகபட்சம் 0.4 சதவீதமே என்று அது கூறியது. இது, உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்திற்கும் உள்ள தொடர்பின் அளவுக்கு அருகில்தான் இருந்தது!

இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? சராசரி என்பது எல்லோரையும் சேர்த்துப் போட்ட கணக்கு. மழை சராசரியாக நன்றாகப் பெய்தது என்றால் எல்லா ஊரிலும் பெய்ததாகப் பொருள் இல்லை. நெட்டில் பாடம் பார்க்கும் பிள்ளையும், நடு இரவில் பிறர் போட்டோக்களைப் பார்த்து மனம் வாடும் பிள்ளையும் ஒரே கணக்கில் வந்துவிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பாதிப்பு சிறிது. ஏற்கெனவே மனம் தளர்ந்திருக்கும் பிள்ளைகள் சிலருக்கு அது பெரிது.

2023ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். ஒரு நாளில் மூன்று மணி நேரத்திற்கு மேல் சமூக வலைதளங்களில் இருக்கும் வளர் இளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவை வரும் வாய்ப்பு இரு மடங்கு என்று ஆய்வொன்றைச் சுட்டிக்காட்டி அதில் கூறியிருந்தார். ஆஸ்திரேலியா ஒரு படி மேலே போய், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் முக்கிய சமூக வலைதளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2024 நவம்பரில் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது.

நம்பிக்கை தரும் ஓர் ஆய்வையும் சொல்கிறேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்துச் செய்த சோதனை 2018ல் வெளியானது. ஒரு பிரிவினர் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்நாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்கு 10 நிமிடம் மட்டும் பார்த்தார்கள். மூன்று வாரங்களில் அவர்களுடைய தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. முழுவதும் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அளவு வைத்தாலே பலன் உண்டு.

தூக்கம்தான் முதல் பலி

என் அனுபவத்திலும், படித்த வரையிலும், மாணவர்கள் முதலில் இழப்பது தூக்கத்தைத்தான். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

திரையின் நீல வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப் போடும் என்று சொல்வது உண்மையே. 2015ல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடத் தூக்கம் வர சுமார் 10 நிமிடம் கூடுதலாக ஆனது. ஆனால் கவனியுங்கள். வெளிச்சத்தால் போவது பத்து நிமிடம். "இன்னும் ஒரே ஒரு வீடியோ" என்பதால் போவது இரண்டு மணி நேரம். எனவே திரையின் நிறத்தை மாற்றுவது மட்டும் போதாது. சாதனமே படுக்கையை விட்டு வெளியே இருக்க வேண்டும்.

தூக்கம் குறைந்தால் மறுநாள் பாடம் மனதில் நிற்காது. எரிச்சல் வரும். எரிச்சலைப் போக்க மறுபடியும் போன். இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு எளிதான இடம் இரவுதான்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

இனி செயலுக்கு வருவோம். கீழே உள்ளவற்றை விண்டோஸ் 11 கம்ப்யூட்டரை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறேன். பிள்ளையை அருகில் உட்கார வைத்துக் கொண்டு சேர்ந்தே செய்திடுங்கள். அவனுக்குத் தெரியாமல் செய்தால், உங்களுக்குத் தெரியாமல் அதை மாற்ற அவனுக்கு ஐந்து நிமிடம் போதும்!

1. நோட்டிபிகேஷனை நிறுத்துங்கள்: ஸ்டார்ட் பட்டனில் கிளிக் செய்து செட்டிங்ஸ் திறந்து கொள்ளுங்கள். சிஸ்டம் பிரிவில் நோட்டிபிகேஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே "டூ நாட் டிஸ்டர்ப்" என்று ஒரு ஸ்விட்ச் கிடைக்கும். அதை ஆன் செய்தால் திரை ஓரத்தில் தாவி வரும் செய்திகள் நிற்கும். தினமும் குறிப்பிட்ட நேரத்தில் தானாகவே ஆன் ஆகும்படியும் அதே இடத்தில் செட் செய்திடலாம்.

2. பிரவுசரையும் கவனியுங்கள்: சில தளங்களுக்குச் சென்றவுடன் "நோட்டிபிகேஷன் அனுப்பலாமா?" என்று கேட்கும். புதியவர்கள் பலர் படிக்காமலேயே "அலோ" என்பதைத் தட்டி விடுகிறார்கள். குரோம் பிரவுசரில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லுங்கள். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிபிகேஷன்ஸ் எனச் சென்றால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தேவையற்றவற்றை நீக்கி விடுங்கள்.

3. படிப்புக்குத் தனி யூசர் அக்கவுண்ட்: இது நானே பயன்படுத்தும் வழி. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பிரிவில், அதர் யூசர்ஸ் சென்று புதிய அக்கவுண்ட் ஒன்றை உருவாக்குங்கள். "படிப்பு" என்றே பெயர் வைக்கலாம். இதில் உள்ள பிரவுசரில் எந்தச் சமூக வலைதளத்திலும் லாக் இன் செய்யக் கூடாது. பாஸ்வேர்டையும் சேமிக்கக் கூடாது. படிக்கும்போது இதில் மட்டுமே நுழைய வேண்டும். பேஸ்புக் பார்க்க வேண்டுமானால் வெளியே வந்து, வேறு அக்கவுண்ட்டில் நுழைய வேண்டும். அந்த அரை நிமிடச் சிரமம் போதும், கை தானாக ஓடுவது நின்றுவிடும்.

4. யூ ட்யூப் ஆட்டோபிளே: வீடியோ ஓடும் சட்டத்தின் கீழ்ப் பகுதியில் ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கும். அதை ஆப் செய்தால், ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாது. மேலும், வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்திவைத்து, பழைய ஹிஸ்டரியையும் அழித்துவிட்டால், முகப்புப் பக்கத்தில் ஆசை காட்டும் வீடியோக்களின் வரிசை வராது. இயற்பியல் பாடம் தேடப் போனவன் சினிமா காமெடியில் போய் நிற்பது பெரும்பாலும் இந்த முகப்புப் பக்கத்தால்தான்.

5. நேர வரம்பு: சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மைக்ரோசாப்ட் பேமிலி சேப்டி வசதியைப் பயன்படுத்தலாம். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் பேமிலி என்பதில் பிள்ளையின் அக்கவுண்ட்டைச் சேர்த்தால், எந்த நாளில் எத்தனை மணி நேரம் என்று வரம்பு வைக்கலாம். ஆண்ட்ராய்ட் போனில் "டிஜிட்டல் வெல்பீயிங்" என்ற பிரிவிலும், ஐபோனில் "ஸ்கிரீன் டைம்" என்ற பிரிவிலும் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் நேரம் குறிக்கலாம். எந்த அப்ளிகேஷனில் எவ்வளவு நேரம் போயிற்று என்ற கணக்கும் இங்கே கிடைக்கும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு அதிர்ச்சி நிச்சயம்.

6. இடம்: கம்ப்யூட்டரைக் கூடத்தில் வையுங்கள். படுக்கை அறையில் வேண்டாம். இரவில் எல்லாப் போன்களையும் ஒரே இடத்தில், உதாரணமாக சமையலறை அலமாரியில், சார்ஜ் போடுங்கள். எல்லாப் போன்களையும் என்றால் அப்பா போன், அம்மா போன் உட்பட. எழுப்புவதற்கு அலாரம் வேண்டும் என்றால் கடையில் அலாரம் கடிகாரம் கிடைக்கிறது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

பிள்ளை மணிக்கணக்கில் கம்ப்யூட்டர் முன் இருப்பது மட்டுமே ஆபத்தின் அறிகுறி அல்ல. புரோகிராம் எழுதுகிறவன், படம் வரைகிறவள், வெளியூர் நண்பனோடு பேசுகிறவன் எல்லோரும் இதில் உண்டு. தனியாகத் தவிக்கும் பிள்ளைக்கு நெட்டில் கிடைத்த ஒரு நண்பன் பெரிய துணையாக இருப்பதும் உண்டு. எனவே நேரத்தை மட்டும் பார்க்காமல் இவற்றைப் பாருங்கள்.

* தூக்கமும் சாப்பாடும் மாறிவிட்டனவா?
* முன்பு ஆசையாகச் செய்த விளையாட்டு, பாட்டு போன்றவற்றை விட்டுவிட்டானா?
* போனைப் பார்த்த பிறகு முகம் வாடுகிறதா? யாராவது வந்தால் சட்டென்று திரையை மறைக்கிறாளா?
* தன் உடல், நிறம், எடை பற்றி இழிவாகப் பேசத் தொடங்கிவிட்டாளா?
* நெட் இல்லாத நேரத்தில் அளவுக்கு மீறிய கோபம் வருகிறதா?

இவற்றில் சில, வாரக் கணக்கில் தொடர்ந்தால் திட்டாமல் பேசுங்கள். "என்ன பார்க்கிறாய்?" என்று கேட்பதை விட "அதைப் பார்த்தால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பதில் வரும். யாராவது மிரட்டியிருந்தால், போட்டோவை வைத்துத் தொந்தரவு செய்தால், போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தாலேயே பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்வதில்லை. "எது நடந்தாலும் போனைப் பிடுங்க மாட்டேன், முதலில் என்னிடம் சொல்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வெளி உதவியும் உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்து மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இன்டர்நெட், கேம்ஸ் பழக்கத்திலிருந்து மீள்வதற்கென்றே 2014ஆம் ஆண்டு முதல் தனி கிளினிக் இயங்கி வருகிறது. உதவி கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. அந்த செமஸ்டரில் எனக்கு இப்படி ஓர் எண் தெரிந்திருந்தால், அம்மாவின் போனை எடுக்காமல் விட்டிருக்க மாட்டேன்.

கடைசியாக

சித்தி மகளிடம் பிறகு ஒரு நாள், அந்த வரியை எழுதியது நான்தான் என்று சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தாள். பிறகு, "அப்ப யாருமே முந்தலையா அண்ணா?" என்று கேட்டாள். "முந்தினாங்களான்னு எங்களுக்கே தெரியாதும்மா. எல்லாருக்கும் அதையேதான் அனுப்பினோம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அன்றிரவு யாரும் சொல்லாமலேயே நோட்டிபிகேஷனை ஆப் செய்துவிட்டுப் போனைச் சித்தியிடம் கொடுத்தாள்.

எதிர் வீட்டு மாமாவுக்கும் நான் சொன்னது இதுதான். கம்ப்யூட்டரைப் பூட்டி வைக்காதீர்கள். அது எப்படி இழுக்கிறது என்று பையனுக்கு விளக்கிச் சொல்லுங்கள். "உன்னைக் கெடுக்கும்" என்றால் பிள்ளைகள் கேட்பதில்லை. "உன்னை ஏமாற்றுகிறார்கள்" என்றால் உடனே நிமிர்ந்து உட்காருகிறார்கள். மேலே சொன்ன ஆறில், இன்றிரவே ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், சமையலறை அலமாரியில் சார்ஜ் போடுவதிலிருந்து தொடங்குங்கள். அதற்கு எந்த செட்டிங்ஸும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.